ஆஃப்டர்மார்க்கெட் ஃபியூவல் ரெயில் பொருத்தலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கார்ப் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் புதுக் கார் கனவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருக்கிற பழைய சிவிக்கையும் லான்சரையும் சுபாருவையும் தட்டி நிமிர்த்தியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். ஏறாவூர் தொடங்கி அக்கரைப்பற்று வரைக்கும் எந்தக் கராஜுக்குப் போனாலும் பொனட்டுக்குள் சிவப்பு, நீல நிறத்தில் மின்னும் ஒரு அலுமினியக் குழாயை, அதாவது வெளியே வாங்கிப் பூட்டும் ஃபியூவல் ரெயிலைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன.

ஃபியூவல் ரெயில் என்ன வேலை செய்கிறது?

தாங்கியிலிருந்து பம்ப் தள்ளிவிடும் பெற்றோலை வாங்கி, எஞ்சினுக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தத்தில் கொடுக்கிற குழாய் அது. இன்ஜெக்டர்களின் தலை ரெயிலுக்குள்ளும், மூக்கு, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மனிஃபோல்டுக்குள்ளும் இருக்கும். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் ரெயிலின் ஒரு முனையில் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் உண்டு. மிஞ்சிய பெற்றோலை அது ரிட்டர்ன் லைன் வழியாகத் தாங்கிக்கே திருப்பி அனுப்பும். அவ்வளவுதான், இதில் மாயம் ஒன்றும் இல்லை.

அண்ணே, இதைப் போட்டால் பவர் எவ்வளவு கூடும்?

கூடாது. ரெயில் மட்டும் மாற்றிய காரில் ஒரு குதிரைவலுகூட ஏறாது. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இன்ஜெக்டரின் அளவும், அது திறந்திருக்கும் நேரமும், அழுத்தமும்தான். காரோடு வந்த கம்பனி ரெயில் அந்த அளவைத் தடையில்லாமல் கொடுக்கிறது என்றால், அதைவிடப் பெரிய குழாயால் ஒரு பயனும் இல்லை. விற்பவர் "பிக்கப் நல்லா வரும்" என்று சொன்னால் சிரித்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்போ இது யாருக்குத்தான் தேவை?

முதலில் கணக்கைப் போடுங்கள். டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5¼ சிசி பெற்றோல் கேட்கும். டர்போ என்றால் 6.3 சிசி அளவில் வைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்டரை நூறு வீதமும் திறந்து வைத்து ஓட்டக் கூடாது, 80 வீதத்தில் நிறுத்துவது வழக்கம்.

160 குதிரைவலுவுள்ள டர்போ இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஒரு இன்ஜெக்டர் 262 சிசி அளவில் இருந்தால் போதும். டர்போ ஏற்றி 300 குதிரைவலு எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றும் 590 சிசி வேண்டும். அந்த 300 குதிரைவலுவுக்கும்கூட மொத்தமாகப் போவது நிமிடத்திற்கு இரண்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவான பெற்றோல்தான். சந்தையில் எல்லோரும் வாங்கும் மணிக்கு 255 லீற்றர் பம்ப் நிமிடத்திற்கு நாலு லீற்றருக்கு மேல் தள்ளும். அழுத்தம் ஏற ஏற அது குறையும், அதையும் நினைவில் வைத்திருங்கள்.

என் அபிப்பிராயத்தில் நாலு சிலிண்டர் எஞ்சினில் 300 குதிரைவலுவுக்குக் கீழே இருக்கிறவர் கம்பனி ரெயிலைக் கழற்றக் காரணம் தேட வேண்டியதில்லை. மூன்று காரணங்களை ஏற்றுக்கொள்வேன். புதிய பெரிய இன்ஜெக்டரின் உயரமோ தலையின் அளவோ பழைய ரெயிலுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். நிசான் எஸ்ஆர்20 டர்போவிலும் சில சுபாரு ஈஜே20 எஞ்சின்களிலும் இருப்பதுபோல பக்கவாட்டில் பெற்றோல் குடிக்கும் இன்ஜெக்டர்களை விட்டு, மேலிருந்து குடிக்கும் வகைக்கு மாற நினைக்கலாம். அல்லது பழைய ரெயில் துருப்பிடித்தோ நசுங்கியோ போயிருக்கலாம். பார்க்க அழகாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அதற்குப் பவர் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இன்ஜெக்டரை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால்?

கொஞ்சம் உதவும், நினைக்கிற அளவுக்கு உதவாது. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். 3 பாரை 4 பாராக ஏற்றினால் பெற்றோல் கூடுவது 15 வீதம் அளவில். அதற்கு விலையாகப் பம்புக்குச் சுமை ஏறுகிறது, ஹோஸ் மூட்டுகளுக்கும் சுமை ஏறுகிறது. எஞ்சினை நடத்தும் கணினியான இசியூவுக்குத் தெரியாமல் ஏற்றினால், கார் நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் பெற்றோல் மிஞ்சிக் கரும்புகை வரும்.

என் கார் லான்சர் ஜிடிஐ. வெசல் ஹைபிரிட் வைத்திருக்கிற நண்பரும் கேட்கிறார். எங்களுக்கு எந்த ரெயில்?

எதுவும் வேண்டாம். தயவுசெய்து தொடாதீர்கள். இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் இன்டேக் போர்ட்டுக்குள் தெளிக்கும், 3 பார் அளவில் ஓடும் எஞ்சின்களுக்கு மட்டும்தான். மிட்சுபிஷி 1996இல் கொண்டுவந்த ஜிடிஐ நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது, அதன் ரெயிலில் 50 பார் அளவு அழுத்தம் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வெசல் ஹைபிரிட்டும் நேரடித் தெளிப்புத்தான். இப்போதைய நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் 200 பாரையும் தாண்டும். டீசல் கொமன் ரெயில் என்றால் ஆயிரம் பாருக்கு மேல்.

அந்த அழுத்தத்தில் வரும் மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். விரல் போவதும் போகாததும் மணித்தியாலக் கணக்கில் முடிவாகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரெயில் ஒன்று மலிவாகக் கிடைத்தது, இணையத்தில் அதைவிட மலிவு. எதைப் பார்த்து வாங்குவது?

விலையைவிட விளிம்பைப் பாருங்கள். இன்ஜெக்டர் நுழையும் துளையின் வாய் சற்றுச் சரிவாகவும் உள்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாகவும் இருக்க வேண்டும். சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள், பிசிறு தட்டுப்பட்டால் அது இன்ஜெக்டர் தலையில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அறுக்கும். இன்ஜெக்டர் தலைகள் பெரும்பாலும் 11 மி.மீ, 14 மி.மீ என்ற இரண்டு வகையில் வரும், பழைய ஜப்பான் கார்களில் 11 அதிகம். கையில் இன்ஜெக்டரை எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். பேருந்தில் பார்சலாக வரவழைக்கிறவர்கள் முன்கூட்டியே அளவுகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிறகு தாங்கிப்பிடிகள். "எல்லா ஹொண்டாவுக்கும் பொருந்தும்" என்று சொல்லி விற்கும் ரெயில்களில் போல்ட் துளை இரண்டு மி.மீ தள்ளி இருக்கும். அதைச் சரிக்கட்ட ரெயிலை நெம்பி இறுக்கினால் ஒரு பக்கத்து இன்ஜெக்டர் சாய்ந்து நிற்கும், கசிவு அங்கேதான் தொடங்கும்.

ரெயிலோடு சேர்த்துக் கொடுக்கும் இலவச ரெகுலேட்டரையும் கேஜையும் நான் நம்புவதில்லை. மலிவு ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் பெற்றோல் வெக்யூம் குழாய் வழியாக நேரே மனிஃபோல்டுக்குள் போகும். வெக்யூம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், பெற்றோல் மணத்தால் அந்த ரெகுலேட்டர் முடிந்தது. ரெயிலில் மிச்சம் பிடிக்கலாம், ரெகுலேட்டரில் பிடிக்க வேண்டாம்.

நம்ம ஊர் லேத்தில் ஒன்று செய்வித்தால் என்ன?

நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் ட்ரில்லால் போட்ட துளை ஓ-ரிங்குக்குப் போதாது. ரீமர் போட்டு அளவுக்கு எடுத்து, வாயைச் சரித்து, உள்ளே மினுக்க வேண்டும். நாலு துளையும் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும் என்பதால் 6061 போன்ற இழுத்தெடுத்த உலோகம்தான் சரி.

செய்து முடித்ததும் எல்லா வாயையும் அடைத்து, ரயர் கடைக் கொம்பிரஸரால் 6 பார் காற்றேற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, அடைப்பு மூடிகளுக்கு நேரே நிற்காமல் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் அந்த ரெயில் காருக்கு ஏறக் கூடாது. பிறகு உள்ளே இருக்கும் அலுமினியத் தூளைக் கழுவி எடுப்பதற்கு ஒரு மணித்தியாலம் செலவிட்டாலும் பரவாயில்லை. கடைப் பெட்டியில் வந்த புது ரெயிலுக்கும் இதே கழுவல் வேண்டும்.

ஏஎன்-6, ஓஆர்பி என்று ஏதோ சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ஏஎன் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கை எண்ணுவது. ஏஎன்-6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலக் குழாய். ஏஎன்-8 அரை அங்குலம். வீதிக் காருக்கு 6 தாராளம்.

ரெயிலின் முனையில் இருப்பது பெரும்பாலும் ஓஆர்பி மரை. அதை அடைப்பது ஓ-ரிங், மரை அல்ல. ஏஎன் ஹோஸ் முனையை அடைப்பது 37 பாகைச் சரிவில் உலோகத்தோடு உலோகம் பொருந்துவது. ஆகவே இந்த இரண்டிலும் வெள்ளை டெஃப்லோன் டேப் சுற்றக் கூடாது. தண்ணீர்க் குழாய் வேலை செய்த பழக்கத்தில் சுற்றிவிடுகிறார்கள். டேப்பின் கிழிந்த துண்டு நேராகப் போய் இன்ஜெக்டருக்குள் உட்காரும். கேஜ் மாட்டும் சிறிய கூம்பு மரைக்கு மட்டும் அடைப்பான் தேவை, அதற்கும் பெற்றோல் தாங்கும் பசைதான் சரி.

ஹோஸில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கார்புரேட்டர் காலத்து ரப்பர்க் குழாய் 3 பாரைத் தாங்காது. ஹோஸின் மேல் ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆர்7 என்றிருந்தால் அது குறைந்த அழுத்தத்துக்கானது. கிளிப்பும் ரப்பரைக் கடிக்காத, வட்டமாக இறுகும் இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்கட்டும்.

பழையதைக் கழற்றும்போது கண்ணுக்குள் பெற்றோல் அடிக்குமாமே?

அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் அடிக்கும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஐடிலில் ஓடவிட்டுப் பம்பின் பியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். எஞ்சின் தானாக நின்றுவிடும். இன்னும் சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தாங்கியின் மூடியைத் திறந்து வையுங்கள். அதற்குப் பிறகும் மூட்டைத் துணியால் மூடியபடிதான் தளர்த்த வேண்டும், உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து கராஜ் குழிக்குள் போய்த் தேங்கும். பக்கத்துக் கொட்டிலில் வெல்டிங் நடக்கும்போது இந்த வேலை வேண்டாம். வெளியே, நிழலில், பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கச் செய்யுங்கள். தண்ணீர் வாளி இதற்கு உதவாது, எரியும் பெற்றோலைப் பரப்பிவிடும். தீயணைப்புப் படைக்கு 110.

இன்ஜெக்டரைப் புது ரெயிலில் ஏற்றுவது எப்படி?

இந்த வேலையில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பழைய ரெயிலை எடுப்பதற்கு முன்பே இன்ஜெக்டர்களைச் சுற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். எங்கள் கடற்கரை மணல் எல்லா இடுக்கிலும் இருக்கும், ரெயில் மேலே வந்ததும் அது போர்ட்டுக்குள் விழும். கனெக்டர்களுக்கு 1, 2, 3, 4 என்று ஒட்டிவிடுங்கள். எடுத்ததும் மனிஃபோல்டுத் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, திரும்பப் பூட்டும்போது எண்ணி எடுங்கள்.

ஓ-ரிங்குகள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லாதீர்கள், முழு வேலையிலும் மிகவும் மலிவான சாமான் அதுதான். பெற்றோல் தாங்கும் விட்டன் வகை வாங்குங்கள், சாதாரணத் தண்ணீர்க் குழாய் ஓ-ரிங் ஊதிப் பெருத்துவிடும். சுத்தமான எஞ்சின் ஒயில் ஒரு துளி தடவி, இன்ஜெக்டரை நேராக அழுத்தி, இலேசாகச் சுழற்றி ரெயிலுக்குள் ஏற்றுங்கள். "டக்" என்று வெட்டுவதுபோல உணர்ந்தால் உடனே வெளியே எடுத்துப் பாருங்கள்.

நாலும் ஏறியபின் ரெயிலோடு சேர்த்து மனிஃபோல்டில் வைத்து, இரண்டு முனையும் சமமாக இறங்கும்படி கையால் அழுத்துங்கள். போல்டை வைத்து இழுத்து இறக்கக் கூடாது. போல்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 6 மி.மீ போல்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான், எஞ்சினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுங்கள். அலுமினிய மனிஃபோல்டின் மரையைக் கிழித்துவிட்டால் வேறு கதை தொடங்கிவிடும்.

இறுக்கி முடிந்ததும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பாருங்கள். சற்று இறுக்கமாகச் சுழல வேண்டும். அசையவே இல்லை என்றால் ரெயில் கீழே அழுத்துகிறது, ரெயிலுக்கு அடியில் வைக்கும் ஸ்பேசரை உயர்த்துங்கள். லொடலொடவென்று மேலும் கீழும் ஆடினால் உயரம் கூடிவிட்டது, ஓ-ரிங் பாதிதான் பிடித்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாராவது பொனட்டை மூடினால் அவரிடம் காரை மறுபடி விடாதீர்கள்.

ரெயிலுக்கு முன்னால் 10 மைக்ரோன் ஃபில்டரும் வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரக்கணக்கில் நின்ற கார்களின் தாங்கிகளையும், கேனில் சேர்த்து ஊற்றிய பெற்றோலையும் நினைத்துப் பாருங்கள். அடியில் துருவும் தண்ணீரும் இருந்தால் புது இன்ஜெக்டர் அதைத்தான் முதலில் குடிக்கும்.

முதல் ஸ்டார்ட்?

அவசரப்படாதீர்கள். பற்றரியைப் பூட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஓன் நிலைக்கு மட்டும் திருப்பி எடுங்கள். பல கார்களில் ஒவ்வொரு முறையும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடும். நாலைந்து தடவை செய்துவிட்டு டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் தாளால் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. பெற்றோல் மணம் வந்தால், ஈரம் தெரியாவிட்டாலும், ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் ரெகுலேட்டரின் வெக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கையேட்டில் உள்ள அழுத்தத்திற்கு, பல கார்களில் 3 பாருக்கு, வையுங்கள். குழாயைத் திரும்பப் பூட்டும்போது அரை பார் அளவு இறங்குவது சரியான அடையாளம். டர்போ காரில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 1 பார் ஏறினால் ரெயிலிலும் 1 பார் ஏற வேண்டும். இன்ஜெக்டர் பெரிதாகியிருந்தால் இசியூ டியூன் இல்லாமல் பொத்துவில் வரை ஒரு ஓட்டம் போய் வரலாம் என்று யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மிட்சுபிஷி 4ஜி63 டர்போ போன்ற எஞ்சின்களில் இன்ஜெக்டர் 2 அல்லது 3 ஓம் வகை, அவற்றுக்கு ரெசிஸ்டர் பெட்டி உண்டு. புதியவை 12 ஓமுக்கு மேல் என்றால் பெட்டியை விலக்க வேண்டும். மாறாகக் குறைந்த ஓம் இன்ஜெக்டரைப் பெட்டி இல்லாத காரில் போட்டால் இசியூவின் ட்ரைவர் எரியலாம். மல்ட்டிமீட்டரால் அளந்து பார்க்க ஒரு நிமிடம்தான்.

ஐடிலில் "டிக் டிக்" என்று ரெயிலுக்குள் தட்டும் சத்தம் புதிதாக வருகிறது.

பழைய ரெயிலில் வட்டமாக ஒரு டம்பர் இருந்திருக்கும், அதைக் கழற்றி வீசியிருப்பீர்கள். இன்ஜெக்டர்கள் திறந்து மூடும்போது எழும் அழுத்த அலையை விழுங்குவது அதன் வேலை. பெரிய ரெயில் தன் கொள்ளளவால் ஓரளவு சமாளிக்கும், முழுவதும் அல்ல. டம்பர் பூட்ட இடமுள்ள ரெயிலாக வாங்குவது நல்லது.

கேஜை டாஷ்போர்டில் வைக்கலாமா?

பெற்றோல் உள்ளே ஓடும் மெக்கானிக்கல் கேஜை ஒருபோதும் கார் உள்ளே கொண்டுவரக் கூடாது. அது பொனட்டுக்குள் மட்டும். உள்ளே வேண்டுமென்றால் சென்சரோடு கூடிய மின்சாரக் கேஜ்.

கடற்காற்றுக்கு இது தாங்குமா?

கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடலைப் பார்த்து நிற்கும் வீடு என்றால் கவனம். அனோடைஸ் செய்யாத அலுமினியத்தில் சில மாதத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் ஏறும் இடத்தில் உப்பு இரண்டையும் தின்னும், ஆகவே மரையில் அன்டி-சீஸ் தடவுங்கள். இன்ஜெக்டர் கனெக்டரின் பச்சைப் பூஞ்சணம்தான் எங்கள் பக்கத்தில் ரெயிலைவிடப் பெரிய தொல்லை. கார் ஒரு சிலிண்டரில் தப்பி ஓடினால் இன்ஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பின்களைப் பாருங்கள்.

புகைப் பரிசோதனையில் பிரச்சினை வருமா?

ரெயிலால் வராது. பெரிய இன்ஜெக்டரைச் சரியாக டியூன் பண்ணாமல் போனால் ஐடிலில் கார்பன் மொனொக்சைட் கூடித் தோற்கும், வருடாந்த லைசன்ஸ் அங்கேயே நின்றுவிடும்.

ஆல்டோவுக்குப் போடலாமா?

அந்தக் காசுக்கு நாலு நல்ல ரயர் வாங்கலாம்.

கழற்றும்போது வடித்த பெற்றோலை என்ன செய்வது?

மூடியுள்ள உலோகக் கேனில் பிடித்து, துணியால் வடிகட்டி, சுத்தமாக இருந்தால் புல்வெட்டும் மெஷினுக்குப் பாவியுங்கள். மணலில் ஊற்றாதீர்கள். எங்கள் கரையோர மணலில் கிணற்று நீர் சில அடிகளிலேயே இருக்கிறது, ஊற்றியது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். வாவிக்குள் ஊற்றுகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எழுதத் தகாத வார்த்தைகள் வரும். பெற்றோல் நனைந்த துணிகளை வெயிலில் விரித்துக் காயவிட்ட பிறகு குப்பையில் போடுங்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.